கடைசி ஹாரன்

விருத்தாசலத்தில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே, எங்கோ ஒரு மலையில் இருக்கும் சுரங்கத்தைச் சுகந்தி கணினி வழியாக இயக்கி வந்தாள். புது பேட்டரிகளுக்கு அங்கே தோண்டியெடுக்கும் உலோகம் தேவைப்படவில்லை. இன்னும் இருபது ஆண்டு ஓடவேண்டிய சுரங்கத்தை இன்றே மூடச் சொல்லிவிட்டார்கள்.

சுரங்கம் வந்தபோதே அதன் பக்கத்து ஊரின் கிணறுகள் வற்றிவிட்டன. குழியில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் பம்பைத்தான் ஊரே நம்பியிருந்தது. தினமும் காலையில் ஹாரன் அடித்துவிட்டு அவள் தண்ணீர் திறப்பாள்.

எதை நிறுத்துவதற்கு முன்பும் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி. அடித்தாள். திரையில், ஊர்க்காரர்கள் குடங்களோடு ஓடி வந்தார்கள்.

பம்பை நிறுத்தினாள்.

முதலில் நின்ற பெண் வழக்கம்போலக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். பிறகு குழாயைத் தட்டினாள். மறுபடியும் கேமராவைப் பார்த்தாள்.

சுகந்தி கேமராவைக் குழிப் பக்கம் திருப்பினாள்.

"சுகந்தி, மாடி டேங்க் ரொம்பி வழியுது பாரு. மோட்டார நிறுத்தும்மா," என்று உள்ளேயிருந்து கணவன் இளவழகன் குரல் கொடுத்தான்.

"நீங்களே நிறுத்திடுங்க," என்றாள். இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு, தண்ணீர் தெருவுக்கு ஓடும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.