விஷம் வைத்த கை

செல்ல நாய் பட்டாணியின் உயிருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் நஷ்டஈடு என்று விலை போட்டிருந்தார் பாத்திரக் கடைக்காரர். அதற்கு விஷம் வைத்தது பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. குரைப்பு தாங்காமல், "ஒரு நாள் இதைத் தீர்த்துக் கட்டிடுறேன்" என்று தெருவே கேட்கக் கத்தியவராயிற்றே! வழக்குப் போட ஆதாரம் வேண்டி, கால்நடை ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

"விஷம்தானே டாக்டரம்மா? எழுத்துல குடுத்துடுங்க. அந்தாளை ஒரு கை பார்த்துடுறேன்."

"விஷம்தான். ஆனா யாரும் சோத்துல வைக்கல. சிறுநீரக செல்லுக்குள்ள ஈயம் சேர்ந்து கட்டி தட்டிப் போயிருக்கு. மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போயிருக்கு. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும். அந்த மாதிரி எதையாவது நக்குமா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "நக்குமாவா? தொட்டிலை விட்டு நகராதே! பழைய சாமான் கடையில பேரம் பேசி, பாதி விலைக்குத் தட்டிட்டு வந்த மரத்தொட்டிலு. பச்சைப் பெயிண்ட் இனிக்கும் போல."

டாக்டரின் முகம் மாறியது. "தொட்டில்ல யாரு படுக்கிறது?"

"என் பேத்திதான். பல்லு முளைக்குதா, அவளும் நாள் பூரா அந்தத் தொட்டில் சட்டத்தைத்தான்..."

பேச்சை முடிக்காமலே வீட்டுக்கு போன் போட்டார்.

"மருமகளே, குழந்தையைத் தூக்கும்மா! முதல்ல தொட்டில்லேருந்து தூக்கு!"

மாலையில் பேத்தியின் ரத்தத்தை எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரிக்காரர்கள், முடிவை நாளை சொல்வதாக அனுப்பிவிட்டார்கள். தொட்டிலுக்கு அவர் கொடுக்காமல் விட்ட பாதி விலை எவ்வளவு என்று அதில்தான் தெரியும்.