இந்த வருஷம் யார் முறை?

மலாவி ஏரிக்கரையில், மாமரத்தடிக் கூட்டத்தில், வெள்ளைக்கார ஊழியர் தொண்டை கிழியக் கேட்டார்: "இயேசுவை ஏற்றுக்கொள்ள ஒருவர்கூட இல்லையா?"

ஒரு கையும் எழவில்லை. தியாமிகே கணவரின் விலாவில் இடித்தாள். "தூக்குங்க கையை."

"நானா?" என்றார் லுசுங்கு.

"விருந்து கச்சாலே வீட்டு முறை, ஞானஸ்நானம் நம்ம வீட்டு முறை. மறந்துட்டீங்களா?"

"நீயே தூக்கேன். நான் தூக்கினா நல்லாவா இருக்கும்?"

"போன தடவை நான்தானே நனைஞ்சேன்! கடல் தாண்டி வந்த மனுஷனை வெறுங்கையோட அனுப்பினா ஊருக்குத்தான் கேவலம்."

லுசுங்கு வேண்டாவெறுப்பாகக் கையைத் தூக்கினார். ஊழியர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். ஜூலைக் குளிரில் அவரை ஏரிக்கு இழுத்துப்போய் ஒரே முக்காக முக்கினார். "இருளிலிருந்து ஓர் ஆத்துமா!" என்று கேமராவைப் பார்த்து அழுதார். பிறகு கச்சாலே வீட்டுக் கோழியை ஒரு கை பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

லுசுங்கு வீட்டுக்குள் தும்மிக்கொண்டே நுழைந்தார். தியாமிகே துண்டை நீட்டினாள்.

"சீக்கிரம் துவட்டிட்டு அங்கியை மாட்டுங்க, பாஸ்டர். மணி அடிச்சாச்சு. ஜனங்க உங்க பிரசங்கத்துக்குக் காத்துக்கிட்டிருக்காங்க."