கடித்து வைத்த ரொட்டி

ஆறு வயதில் ஒரு போர்வீரனை வெந்நீரில் ஊறவைத்துத் தின்றவன் நான். சமர்கந்து தேநீர்க்கடையில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நிக்மத் அண்ணன் மட்டும் எரிந்து விழுவார்.

"ஆரம்பிச்சிட்டான்யா புளுகுமூட்டை!"

"கேளுங்கண்ணே. உலகப் போர் சமயம், அகதி ரயில் வந்தா இந்தத் தெருப் பொம்பளைங்கதான் ஸ்டேஷனுக்கு ஓடி, அநாதைப் பிள்ளைங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்க. சாலிஹாம்மா ஒரே ஆளா, என்னையும் சேத்து, தொள்ளாயிரம் பேரைத் தூக்கிட்டு வந்தாங்க."

"ஏழு பேருடா."

"சரி, ஏழு. தொள்ளாயிரம் பேர் சாப்பாட்டைத் தின்னோம். பனிக்காலத்துல மாவு தீர்ந்துபோச்சு, ரேஷனும் வரலை. எனக்குப் பசியில கண்ணு சொருகுது. அம்மா எல்லா வீட்டுக் கதவையும் தட்டிட்டு வெறுங்கையோட வந்தாங்க. மிச்சம் இருந்தது சுவத்துல தொங்கின ஒரே ரொட்டி."

கடையில் சிரிப்பு நின்றது. எங்கள் ஊரில் போருக்குப் போகிற பிள்ளை ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டுப் போவான். மீதியை ஆணியில் மாட்டிவைப்பார்கள். அவன் திரும்பி வந்துதான் அதைத் தின்ன வேண்டும். வேறு யாராவது தின்றால் அவன் வரமாட்டான் என்பது நம்பிக்கை.

"எந்தத் தாயும் அதைத் தொட மாட்டா. பொய்!" என்றார் அண்ணன்.

இத்தனை வருடமாகச் சொல்லாததை அன்று சொல்லிவிட்டேன்.

"அந்த ரொட்டியை வெந்நீர்ல ஊறவெச்சு எனக்கு ஊட்டினாங்க. 'மன்னிச்சிடு மகனே'ன்னு அழுதாங்க. என்னைப் பாத்துச் சொல்லலைண்ணே. ஆணியைப் பாத்துச் சொன்னாங்க."

அண்ணன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நடந்ததுதான்" என்றார். "போர்முனைக்கு எனக்குக் கடுதாசி வந்துச்சு. 'உன் ரொட்டியை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துட்டேன் நிக்மத். அது இல்லாமலே எப்படியாவது வந்துடு'ன்னு எழுதியிருந்தாங்க. நான் வந்துட்டேன். அதைப் பாக்கத்தான் அம்மா இல்லை."