யாரும் எழாத பாட்டு

"பாட்டு வந்தா ஆளு டீ குடிக்கப் போவான், ஆளு போனா நம்ம…" என்று தியேட்டர் எலி வேலப்பனின் பெரியப்பா ஏதோ சொல்வார். மிச்சம் மறந்துவிட்டது, தொழில் மறக்கவில்லை. பாட்டு தொடங்கி நாற்காலிகள் காலியானதும் வேலப்பன் ஓடிப்போய், சிந்திய முறுக்கைப் பொறுக்கி, கால் ஒடிந்து பொந்திலேயே கிடக்கும் மனைவி மரகதத்துக்குக் கொண்டுவருவான்.

அன்று புதுப்படம், முழுக்கப் பாட்டு. ஆனால் வெறும் வாயோடு திரும்பினான்.

"ஏங்க, முறுக்கு எங்கே?"

"ஒருத்தரும் எழுந்திருக்கலை, மரகதம். ஆறு பாட்டுக்கும் அப்படியே உட்கார்ந்திருக்காங்க."

மரகதம் தலையைத் தூக்கினாள். "நான் குட்டியா இருந்தப்போ அப்படித்தான். படத்துக்கு இருபது பாட்டு, எங்களுக்குப் பட்டினி. என்ன குரலுங்கிறீங்க! இப்போ பாடுறவங்களுக்கு அது உண்டா?"

"எங்கே! சுருதி மேலே போனா குரல் உடையுது. அந்தக் காலத்து ஆளுங்க கேட்டா சிரிப்பாங்க."

"அப்புறம் ஏன் எழுந்திருக்கலை?"

வேலப்பன் மீசையைத் தடவினான். "படத்துல ஒரு பொண்ணு, படுத்துக் கிடக்கிற அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே பாடுது. குரல் உடைஞ்ச இடத்துல நானும் நின்னுட்டேன். காலடியிலேயே முறுக்கு கிடந்துச்சு, எடுக்கத் தோணலை."

மரகதம் சுவர்ப் பக்கம் காதைத் திருப்பினாள். "இங்கே சுவரைத் தாண்டி வெறும் இரைச்சல்தான் கேட்குது," என்றாள்.

"பசிக்குமே உனக்கு. நாளைக்கு நான் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பார்க்கிறேன்."

"சரி," என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மேட்னிக்கு மணி அடித்ததும், வேலப்பன் மரகதத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போனான்.