மூச்சைப் பிடிங்க

"மூச்சை இழுத்துப் பிடிங்கன்னா பிடிக்கணும்மா. எத்தனை தடவை சொல்றது?"

ஸ்கேன் அறை மைக்கில் கத்திக் கத்தி டெக்னீஷியனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. குழாய்க்குள் படுத்திருந்த பெண் சரி சரி என்பாள். பாதியிலேயே மூச்சை விட்டுவிடுவாள். படம் கலங்கிப்போகும்.

மாமனாருக்கு ஈரலில் ஒரு பங்கு கொடுக்க வந்தவள். வெளியே மாமியார், மருமகள் தானாகவே முன்வந்ததாக வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புருஷனும் அவன் அண்ணனும், கழுத்தில் தடித்த செயினும் கையில் போனுமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஊசியில் ஏற்றிய மருந்தை நல்ல ஈரல் உறிஞ்சிக்கொண்டு படத்தில் பளிச்சென்று வெளுக்கும். அதற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே போய் அவளிடம் குனிந்து பேச ஆரம்பித்தார். டெக்னீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சுக்கு நேரம் காலம் கிடையாதா?

ஆனால் அதன்பிறகு அவள் அசையாமல் மூச்சைப் பிடித்தாள். ஈரல் பால் மாதிரி வெளுத்து வந்தது.

படத்தைப் பார்த்த டாக்டரம்மா வெளியே போய், "இவங்களால கொடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். ஒன்றுக்கும் உதவாதவள் என்று மாமியார் முணுமுணுத்தது உள்ளே வரை கேட்டது.

டெக்னீஷியன் பொறுமை இழந்தார்.

"என்ன மேடம் இது? காலையிலேர்ந்து உயிரை விட்டுப் படம் எடுத்திருக்கேன். ஈரல் அருமையா இருக்கு. அங்க ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறார்."

"ஈரல் நல்லாத்தான் இருக்கு. அவளுக்குத்தான் இஷ்டமில்ல. மாட்டேன்னா வீட்டுல சேர்க்க மாட்டோம்னு மிரட்டிக் கூட்டிட்டு வந்திருக்காங்க. அழுதுக்கிட்டே எப்படிங்க மூச்சைப் பிடிப்பா?"

மைக்கில் போட்ட சத்தமெல்லாம் ஞாபகம் வந்து அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"அப்போ பெரியவர் கதி?"

"பெத்த பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் அப்பாவோட ரத்த குரூப்தான். அவங்களைத்தான் இதுவரைக்கும் யாரும் கேக்கல. கூப்பிடுங்க."

டெக்னீஷியன் கதவைத் திறந்தார்.

"செயினைக் கழட்டி அம்மாகிட்ட கொடுத்துட்டு வாங்க. ரெண்டு பேர்ல யாரு முதல்ல?"

சொல்லாமலே இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.