நிலத்தில் ஊற்றிய கஞ்சி

"உவளுக்கு நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். வெளிக்கிடு, வீட்ட போவம்."

கஞ்சிப் பானையின் மூடியை டங்கென்று போட்டாள் தவமணி. மகள் நிரோஷினிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னம்மா நடந்தது?"

"உன்ர சிநேகிதி, அந்தக் கறுவல் பெட்டை, நான் குடுத்த கஞ்சியை மரத்தடியில ஊத்திறாள். என்ர கண்ணால கண்டனான்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா. அபேனா எண்டு சொல்லுங்கோ."

அன்று முள்ளிவாய்க்கால் நினைவுநாள். ரொறன்ரோவில் நிரோஷினி படிக்கும் கல்லூரியின் புல்வெளியில் தமிழ் மாணவர்கள் வந்தவர்கள் எல்லோருக்கும் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈழ யுத்தத்தின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அகப்பட்ட சனத்துக்குக் கிடைத்த சாப்பாடு அது. அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோதுதான் ஷெல் விழுந்து தவமணியின் தம்பி செத்துப்போனான்.

அதை அவள் வெளியாட்கள் ஒருவரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. மகள் கெஞ்சிக் கேட்டதால் அபேனாவிடம் மட்டும் இன்றைக்குச் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தாள்.

அபேனா கானாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. கல்லூரி மாணவர் சங்கத்தின் தலைவி. துக்கத்தில் எந்தெந்த இனம் எதைச் சாப்பிடுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். படித்து முடித்து மியூசியத்தில் வேலை செய்யவேண்டும் என்பது அவளுடைய ஆசை. தவமணி வாய்திறக்காவிட்டால் அந்த ஆராய்ச்சி பாதியில் நின்றுவிடும்.

"இந்த நிகழ்ச்சி வேண்டாமெண்டு ஆரோ முறைப்பாடு செய்தவை. அப்ப எழும்பி நிண்டு எங்களுக்காகச் சண்டை பிடிச்சவள் அவள்தான் அம்மா."

"பிடிச்சால்? குடிக்க அருவருப்பெண்டால் திருப்பித் தந்திருக்கலாமே. என்ர தம்பி இதுக்காக உயிரைக் குடுத்தவன்."



பக்கத்தில் நம்மவர் பிள்ளைகளே கஞ்சிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துச் சிரித்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது தவமணியின் கண்ணில் படவே இல்லை. கோபம் வந்தால் கண்ணும் ஆள் பார்த்துத்தான் பார்க்கிறது.

அப்போது அபேனா வெறும் கோப்பையோடு வந்தாள். நிரோஷினி அவளை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் ஆங்கிலத்தில் விசாரித்தாள். அபேனாவின் முகம் வாடிப்போனது. தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

நிரோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னவாம்?" என்றாள் தவமணி.

"அவையின்ர வழக்கமாம் அம்மா. செத்தவைக்கு முதல்ல நிலத்தில ஊத்திப்போட்டுத்தான் மிச்சத்தைத் தாங்கள் குடிப்பினமாம். நான் முந்திச் சொன்ன மாமாவுக்கெண்டு ஊத்தினவளாம்."

அபேனா தயங்கித் தயங்கிக் கோப்பையை நீட்டி, நிரோஷினியிடம் மறுபடியும் ஏதோ சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் கேக்கிறாள் அம்மா. பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஊத்தவேணுமாம். அது தெரியாமல் ஊத்தினது தன்ர பிழையாம். மாமாவின்ர பேரை உங்களைச் சொல்லச் சொல்லுறாள்."