ஜன்னலோரம் கோர்ட்டு வசம்

துண்டு பெரிதா, ஆள் பெரிதா என்று மஞ்சூர் பேருந்து நிலையத்தில் சண்டை.

மளிகைக்கடை நாச்சிமுத்து வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார். தையல்கடை அம்சவேணி படியேறி வந்து அந்தத் துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காரமடை போகும் வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு. ஜன்னலோரம் இல்லையென்றால் வாந்தி வந்துவிடும் என்று இரண்டு பேருமே சத்தியம் செய்தார்கள்.

கண்டக்டர் ரவிக்குமார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நிஜமாக வாந்தி எடுக்கிற ஆள் உள்பக்கம் உட்கார்ந்துவிட்டால், பேருந்தைக் கழுவப் போவது அவன்தான். போன வாரம் கழுவிய நாற்றமே இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

அப்போதுதான் கீர்த்தனா ஏறினாள். உள்ளூர்ப் பெண், வக்கீல். நீதிபதி வேலைக்கு எழுத்துத் தேர்வு தேறி, நாளைக்குச் சென்னையில் நேர்முகத் தேர்வு. முகமெல்லாம் வெளிறிப்போய், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே வந்தாள். பாவம், பரீட்சை பயம் பாடாய்ப் படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டான் ரவிக்குமார்.

"ஏனுங்க, ஜட்ஜம்மாவே வந்துட்டாங்க. அவங்க சொல்றத ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க."

வாயை விட்ட பிறகுதான் உறுத்தியது. இங்கே சொதப்பினால் நாளைக்கு அங்கே போய் எந்தத் தைரியத்தில் நிற்கும் இந்தப் பிள்ளை?

கீர்த்தனா இரண்டு பக்கமும் கேட்டாள். துண்டைப் பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் வழக்குல இருக்கற சொத்து ரெண்டு பேருகிட்டயும் இருக்கக் கூடாதுங்க. கோர்ட்டு பொறுப்புலதான் இருக்கோணும்."

அம்சவேணி எழுந்தாள். நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோர்ட்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தது. வாதியும் பிரதிவாதியும் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள்.

அடேயப்பா, என்ன மூளை! ரவிக்குமாருக்குப் புல்லரித்துவிட்டது. இவளுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள் அந்த வேலையை? குஷியாக விசில் ஊதினான்.

முதல் வளைவில் நாச்சிமுத்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். அடுத்த வளைவில் அம்சவேணியும் கை நீட்டி வாங்கிக் கொறித்தாள். தீர்ப்பு எப்போது என்று இருவரும் கேட்கவே இல்லை.

வாந்தி எடுக்கிற மூஞ்சியா இது? இரண்டும் பொய்ச்சாட்சி. ரவிக்குமார் பல்லைக் கடித்தான்.

கெத்தை நிறுத்தம் வருவதற்குள் கோர்ட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஓவென்று எடுத்தது.

அம்சவேணி பதறிப்போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ரவிக்குமார் தண்ணீர் பாட்டிலோடு ஓடினான். நல்ல வேளை, உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

"இன்டர்வியூவ நெனச்சு மனசப் போட்டுக் கொழப்பிக்காத கண்ணு," என்றான்.

கீர்த்தனா வாயைக் கொப்பளித்து வெளியே துப்பினாள்.

"அதுக்கு யாருங்கண்ணா பயந்தா? ஜன்னல் சீட்டு கெடைக்குமோ கெடைக்காதோன்னுதான் காலைலயிருந்து உசுரே இல்லீங்க."